ஒரே நோய், வெவ்வேறு நோயாளிகள்: காய்ச்சல் வார்டில் செவிலியர் எழுத வேண்டியது என்ன?

கேள்வி: நான் அரசு மருத்துவமனை ஒன்றின் காய்ச்சல் வார்டில் ஏழு மாதங்களாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் நர்சிங் டயக்னோசிஸ், அதாவது செவிலியரின் கணிப்பு, எழுத வேண்டும் என்பது எங்கள் வார்டில் கட்டாயம். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் என்று யார் வந்தாலும் ‘தொற்றின் காரணமாக உடல் வெப்பம் மிகுந்துள்ளது’, ‘தொற்று ஏற்படும் அபாயம்’ என்ற இரண்டையும் எழுதிவிடுவேன். சென்ற மாதம் கண்காணிப்பாளர் நான் எழுதிய மூன்று கேஸ் ஷீட்டுகளை எடுத்து, பெயர்களை மறைத்துக்கொண்டு, எது எந்த நோயாளியுடையது என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. மருத்துவர் நோயைக் கண்டறிந்து எழுதிய பிறகு செவிலியர் தனியாக எதைக் கண்டறிய வேண்டும்? இரவில் இரண்டு பேர் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? பக்கத்து அறையில் காசநோயுடன் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். மகள் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு நான் என்ன எழுத வேண்டும்?

பதில்: அன்புள்ள செவிலியருக்கு, உங்கள் கண்காணிப்பாளர் செய்ததைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நர்சிங் டயக்னோசிஸ் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, பெயரை மறைத்துப் படித்துப் பார்ப்பதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியவில்லை. நாற்பது பேருக்கும் பொருந்துகிற வாக்கியத்தால் அந்த நாற்பது பேரில் ஒருவரையும் காப்பாற்ற முடியாது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன் என்பதால், உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவர் எழுதுவது நோயின் பெயர். டெங்கு என்றால் இந்த வைரஸ், இந்தப் பரிசோதனை, இந்தச் சிகிச்சை என்று அந்தப் பெயர் வழிகாட்டுகிறது, நோயாளி வீடு திரும்பும்வரை அது பெரும்பாலும் மாறுவதும் இல்லை. அந்த நோய் இந்த மனிதரின் உடலிலும் மனத்திலும் இன்று என்ன செய்துகொண்டிருக்கிறது, அதில் எதைச் செவிலியரின் கவனிப்பால் தடுக்கவோ தணிக்கவோ முடியும் என்பதையே நாம் எழுதுகிறோம். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செவிலியர்கள் கூடி இந்தக் கணிப்புகளுக்குப் பொதுவான பெயர்களை வகுக்கத் தொடங்கினார்கள். 1982இல் அது நாண்டா என்ற அமைப்பாக உருப்பெற்றது. நீங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்த பட்டியல் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து எழுதுவதோடு கணிப்பு முடிந்துவிடுவதில்லை. சிக்கல் என்ன, அதற்குக் காரணம் என்ன, அதை எந்த அடையாளங்களைக் கொண்டு சொல்கிறோம் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால்தான் அது முழுமையான கணிப்பு. சிக்கல் இன்னும் வரவில்லை, வரக்கூடும் என்றால் அடையாளத்துக்குப் பதிலாக அபாயக் காரணிகளை எழுத வேண்டும். உங்கள் வாக்கியத்தில் காரணம் என்ற இடத்தில் ‘தொற்று’ என்று மட்டும் இருக்கிறது, அடையாளம் என்ற இடம் காலியாக இருக்கிறது. மூன்று ஷீட்டுகளும் ஒன்றாகிப் போனது அதனால்தான்.

டெங்குவை எடுத்துக்கொண்டு இதைப் பேசுவோம், ஏனென்றால் ‘உடல் வெப்பம் மிகுந்துள்ளது’ என்ற ஒற்றை வரி மிகவும் ஏமாற்றுகிற நோய் அதுதான். நான் பணியில் சேர்ந்த தொடக்கத்தில், டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளில் இருந்த ஓர் இளைஞருக்குக் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் எழுதியிருந்த ஒரே கணிப்பு காய்ச்சலைப் பற்றியது என்பதால், அதைத் தீர்ந்தது என்று குறித்துவிட்டு மகிழ்ச்சியோடு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மாலையில் அவருடைய தாயார் என்னிடம் வந்து, “காலையிலேர்ந்து புள்ள ஒண்ணுக்கே போகலம்மா, கை காலெல்லாம் சில்லுனு இருக்கு” என்றார். பி.பி. 100க்கு 80 இருந்தது. மேல் எண் 100 இருக்கிறதே என்று நினைத்து அதையும் நான் எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். உடன் இருந்த மூத்த செவிலியர்தான் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்க்கச் சொல்லி, மருத்துவரை ஓடி அழைத்துவரச் செய்தார். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆபத்து தொடங்கிய அதே வேளையில் ‘சிக்கல் தீர்ந்தது’ என்று நான் எழுதிய வரியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

டெங்குவில் காய்ச்சல் பொதுவாக 2 முதல் 7 நாள் இருக்கும். காய்ச்சல் இறங்கும் தறுவாயில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சிலருக்கு இரத்தக் குழாய்களின் சுவர் வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம். நீர் வெளியேறுவதால் இரத்தம் கெட்டிப்படுகிறது. ஹீமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு, 40இல் இருந்தவருக்கு அது 48 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது என்று பொருள், அது கணிசமான கசிவு. பி.பி.யின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை. மேல் எண் நன்றாகத் தெரிகிறதே என்று அப்போது காத்திருக்கக் கூடாது. உறவினர்கள் ஒவ்வொரு காலையும் தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அந்தக் கவலை நியாயமானது, அந்த எண்ணையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த மணி நேரங்களில் உயிரைத் தாங்கி நிற்பது நாடி, அந்த இரு எண்களின் இடைவெளி, சிறுநீரின் அளவு ஆகியவைதான். இவற்றை மணிக்கு மணி பார்ப்பவர் செவிலியர்.

இனி இரண்டு கட்டில்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் டெங்கு. முதல் கட்டிலில் இருப்பவருக்கு இரண்டாம் நாள். உடல் வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸ், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிவதுபோல் நோவு, ஆனால் கஞ்சியும் இளநீரும் குடிக்கிறார், சிறுநீர் நன்றாகப் போகிறது. இவருக்கு வெப்பமும் வலியும் முதலில் வருவது சரி. இரண்டாம் கட்டிலில் இருப்பவருக்கு ஐந்தாம் நாள். வெப்பம் 37.4 டிகிரிதான், ஆனால் காலை முதல் ஐந்து முறை வாந்தி எடுத்திருக்கிறார், வயிறு வலிக்கிறது என்கிறார், முந்தைய நாள் பேசிக்கொண்டிருந்தவர் இன்று சுருண்டு கிடக்கிறார். விடாத வாந்தி, வயிற்று வலி, சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம் ஆகியவை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த எச்சரிக்கை அடையாளங்களின் பட்டியலில் உள்ளவை. இவருக்கு வெப்பத்தைப் பற்றிய வரியே வேண்டியதில்லை. ‘இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதாலும் காலை முதல் 5 முறை வாந்தி எடுத்ததாலும் உடலில் நீரளவு குறைந்துள்ளது, நாக்கு வறண்டுள்ளது, நாடி 112, கடந்த 6 மணி நேரத்தில் சிறுநீர் 90 மி.லி.’ என்று எழுதினால், பெயரை மறைத்தாலும் அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் 50 கிலோ எடை என்றால் மணிக்கு 25 மி.லி., அதாவது ஆறு மணி நேரத்தில் 150 மி.லி.யாவது சிறுநீர் போயிருக்க வேண்டும் என்பதால், 90 என்ற எண்ணைக் கண்டவுடன் அடுத்து வருபவரும் உங்கள் கவலையைப் புரிந்துகொள்வார். அதன் கீழே, தட்டணு குறைந்திருப்பதால் இரத்தக் கசிவின் அபாயம் என்று எழுதுங்கள். தசை ஊசி போடக்கூடாது, ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தரக்கூடாது, பல் துலக்குவதும் மெல்லத்தான், மலம் கறுத்திருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற கவனிப்பெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்தே கிளைத்து வரும். அதிர்ச்சி நிலை போன்றவற்றை நாம் கண்காணித்து அறிவிக்கிறோம், சிகிச்சையை மருத்துவர் முடிவு செய்கிறார். இப்படிப்பட்டவற்றை அமெரிக்கச் செவிலியரான லிண்டா கார்பெனிட்டோ கூட்டுச் சிக்கல்கள் என்று தனியாகப் பிரித்தார். எனவே ‘அதிர்ச்சி நிலையின் அபாயம்’ என்று எழுதுகிறபோது, எந்த எண்ணைக் கண்டால் மருத்துவரை அழைப்பீர்கள் என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டு நாள் கழித்து இதே நோயாளியின் கணிப்பு தலைகீழாக மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். கசிவு நின்றபின் வெளியே போன நீர் இரத்தக் குழாய்களுக்குள் திரும்பி வருகிறது. அப்போதும் பழைய அளவிலேயே ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நீர் மிகுந்துபோய் மூச்சுத் திணறும். நேற்று ‘நீரளவு குறைவு’ என்று எழுதிய அதே கை இன்று ‘நீரளவு மிகும் அபாயம்’ என்று எழுத வேண்டியிருக்கும். புதிதாக இருமுகிறாரா, படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறாரா, மூச்சின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்து, ட்ரிப்ஸின் அளவு பற்றி மருத்துவரிடம் நீங்களே முதலில் கேட்கலாம். கேட்பது உங்கள் பணிக்கு உட்பட்டதுதான்.

வெப்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொற்றுக் காய்ச்சலில் உடலே தன் வெப்ப அளவை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் குளிர்ந்த நீரில் துணியை நனைத்து ஒற்றினால் தோல் குளிர்ந்து உடல் நடுங்கும், நடுக்கம் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். முதலில் மருத்துவர் எழுதிய பாராசிட்டமால், பிறகு தேவையானால் வெதுவெதுப்பான நீர், நடுங்கினால் உடனே நிறுத்துதல் என்பதே முறை. ‘வெப்பம் மிகுதி’ என்று எழுதுவதில் பிழை இல்லை. ஆனால் மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றன என்று பார்த்த பிறகே அது முதலிடத்துக்கு வர வேண்டும்.

அடுத்து, தொற்றோடு படுத்திருப்பவருக்கு ‘தொற்று ஏற்படும் அபாயம்’ என்று எழுதலாமா என்பது. அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை மனத்தில் வைத்து அப்படி எழுதுவது பிழை, தேர்வுத்தாள்களிலும் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான். மருத்துவமனையில் நாம் செய்கிற காரியங்களால் அவருக்குப் புதிதாக ஒரு தொற்று சேரக்கூடும் என்ற பொருளில் எழுதினால் சரி. அப்போது காரணத்தைச் சொல்ல வேண்டும்: கையில் வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்டு மூன்று நாள் ஆகிறது, சிறுநீர்க் குழாய் இருக்கிறது, உணவு செல்லாததால் உடல் வலுவிழந்திருக்கிறது என்பனபோல. அவரிடமிருந்து பிறருக்குப் பரவாமல் காப்பது வேறு கடமை. அது ஒவ்வொரு நோயின் வழியைப் பொறுத்தது. டெங்கு கொசுவால் பரவுவது, அந்தக் கொசு பகலில் கடிப்பது. எனவே காய்ச்சல் நாட்களில் நோயாளிக்குப் பகலிலும் கொசுவலை வேண்டும். வலையை இரவுக்கு மட்டும் அவிழ்த்துவிடும் வழக்கத்தை உங்கள் வார்டில் கண்டால் மாற்றுங்கள். காசநோய் காற்றில் பரவுவது, வயிற்றுப்போக்கு நோய்கள் கை வழியாகப் பரவுபவை. கைகழுவுதல் மட்டும் எல்லோருக்கும் பொது.

நீங்கள் குறிப்பிட்ட மற்ற இரண்டு நோய்களுக்கும் தனி முகம் உண்டு. டைபாய்டில் மூன்றாம் வாரத்தை ஒட்டிக் குடலில் துளை விழவோ இரத்தம் கசியவோ கூடும். திடீரென்று கடுமையாக வயிறு வலித்து, வயிறு பலகைபோல் இறுகி, நாடி ஏறினால் காத்திருக்கக் கூடாது. எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் வலியையும் கண்களின் நிறத்தையும் பார்ப்பதோடு, சிறுநீரகம் பழுதாகக் கூடும் என்பதால் சிறுநீரை அளப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

நேரம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். நாற்பது பேருக்கு இரண்டு செவிலியர் என்பது நியாயமான எண்ணிக்கை இல்லை, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கூடுதல் ஆட்களைக் கேட்பதும் நோயாளியின் நலனுக்கான குரல்தான். ஆனால் இன்றைய இரவுக்கு ஒரு வழி உண்டு. ஒருவருக்கு ஏழு கணிப்புகள் எழுத வேண்டும் என்ற கல்லூரிப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவர் கட்டிலருகிலும் ஒரு கணம் நின்று, அடுத்த எட்டு மணி நேரத்தில் இவரை எது கீழே தள்ளும் என்று உங்களையே கேளுங்கள். அதற்கான விடை ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. நாற்பது பேரில் அநேகம் பேருக்கு நேற்றைய வரியே இன்றும் பொருந்தும், ஏழெட்டுப் பேருக்குத்தான் மாற்றி எழுத வேண்டியிருக்கும். அந்த ஏழெட்டுப் பேர் யார் என்று தெரிந்துவிட்டால், உங்கள் கால்கள் இரவில் எந்தக் கட்டிலுக்கு அடிக்கடி போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதலில் தமிழில் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு கேஸ் ஷீட்டின் மொழியில் எழுதுங்கள். அப்படிச் செய்யும்போது மனப்பாட வாக்கியங்கள் தாமாகவே விலகிவிடுவதை என் மாணவியரிடம் பார்த்திருக்கிறேன். டூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பதும் இந்த வரியை வைத்தே இருக்கட்டும். “பன்னிரண்டாம் கட்டில், டெங்கு” என்பதோடு நிறுத்தாமல், “பன்னிரண்டாம் கட்டில், காய்ச்சல் விட்டு முதல் நாள், ஆறு மணி நேரத்தில் சிறுநீர் தொண்ணூறு, மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்” என்று சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பெரியவர். அவருக்கு எழுதுவதற்கு முன்னால் ஐந்து காரியங்களை அளந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம், யாருக்கு உடனடி உள்நோயாளிக் கவனிப்பு தேவை என்று பிரித்தறிய எடுத்துக்கொண்டவை பெரிய இயந்திரங்கள் காட்டும் முடிவுகள் அல்ல. உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவைதான் அவை. உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், கால் வீக்கத்தோடு 16 அல்லது அதற்குக் கீழ், மூச்சு 24க்கு மேல், ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழ், நிற்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் ஆபத்தில் இருக்கிறார். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 14 என்பது ஏறத்தாழ 36 கிலோ. இந்த ஐந்தும் செவிலியரின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுபவை. செவிலியரின் கவனிப்பு எவ்வளவு தூரம் உயிரோடு தொடர்புடையது என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சான்றாக இதை நான் எண்ணுகிறேன். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூச்சும் ஆக்சிஜனும் சரியாக இருந்தால், நீங்கள் கடிதத்தில் எழுதிய ஒரு வாக்கியத்திலேயே அவருடைய முதல் கணிப்பு இருக்கிறது. வாசலில் வைத்த சாப்பாடு ஆறிப்போகிறது, எழுந்து போய் எடுக்க அவருக்குத் தெம்பு இருக்கிறதா என்பது தெரியவில்லை, உடன் உட்கார்ந்து இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று சொல்ல ஆளில்லை. ‘பசியின்மையாலும், தனியாக உண்ண வேண்டியிருப்பதாலும் உடலின் தேவைக்குக் குறைவான உணவு; எடை இவ்வளவு, மூன்று வேளையில் உண்டது இவ்வளவு’ என்று எழுதுங்கள். இரண்டாவதாக, ‘நோய் தொற்றிவிடும் என்ற குடும்பத்தாரின் அச்சத்தால் தனிமை; மகள் அறைக்குள் வருவதில்லை, நோயாளி பேச்சைக் குறைத்துக்கொண்டுள்ளார்’ என்று எழுதுங்கள். இங்கே காரணமாக நிற்பது மகளின் அச்சம். கிருமியை மாத்திரைதான் கொல்ல வேண்டும், அச்சத்தை நீங்கள் பேசியே குறைக்க முடியும். சளியை வெளியேற்ற முடியாமல் திணறினால் அதை மூன்றாவதாகச் சேருங்கள். சளிப் பரிசோதனைக்குச் சேகரிப்பதை அறைக்குள் செய்யாமல் காற்றோட்டமான திறந்த வெளியில் செய்யுங்கள்.

மகளை ஒருநாள் வராந்தாவில் உட்காரவைத்துப் பேசுங்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கலாம், அவருடைய பயத்துக்கு ஏதேனும் காரணம் இருக்கும். காசநோய் இருமும்போதும் பேசும்போதும் காற்றில் பரவுகிறது, தட்டாலும் துணியாலும் தொடுவதாலும் பரவுவதில்லை என்று சொல்லுங்கள். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலானவர்களிடமிருந்து பரவும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரைவிட, வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்று கண்டார்கள். அதன்பிறகுதான் உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தும் வழக்கம் பரவியது. நம் ஊரில் பிறந்த அறிவு இது என்று சொன்னால் அவருக்குக் கேட்கத் தோன்றும். சன்னலைத் திறந்து வைத்து, அப்பாவுக்கு முகக்கவசம் அணிவித்து, தானும் என்95 அணிந்துகொண்டு, நாளுக்குக் கொஞ்ச நேரம் உள்ளே வரலாம். சாப்பிடும்போது பெரியவர் கவசத்தைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், அப்போது மட்டும் அவர் சன்னலை ஒட்டியும் மகள் கதவருகே தள்ளியும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். குழந்தைகளை இப்போது அழைத்து வர வேண்டாம். ஆனால் வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

மாத்திரை தொடங்கியவுடன் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்பதைப் பெரியவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரத்தம் போகிறது என்று அஞ்சி மருந்தை நிறுத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஐந்தாறு முறை கொடுங்கள். மிகவும் மெலிந்தவருக்கு ஒரேயடியாகத் திணிப்பதும் ஆபத்து என்பதால் எவ்வளவு தொடங்கலாம் என்று மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். தட்டில் அவர் மிச்சம் வைப்பதை நாள்தோறும் குறியுங்கள், வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே எடைப் பொறியில் எடை பாருங்கள். மகள் உள்ளே வந்து அமரத் தொடங்கிய பின் அவர் எவ்வளவு உண்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணை அறிய ஆவலாக இருக்கிறேன்.